மலையில் இறங்கிய ஊசி

அத்தியாயம் பதினான்கு

கொட்டகை மூலையில் சாக்குச் சுற்றிச் சாய்த்து வைத்திருந்த அந்த ரேடியேட்டரைப் பெரியவள் பதினோரு மாதமாகத் தொடவில்லை. அந்தப் பக்கம் போக வேண்டி வந்தால், தூங்குகிறவரைத் தாண்டிப் போகிற மாதிரி சத்தமில்லாமல் கால் வைத்துப் போவாள்.

இன்று பிரித்தாக வேண்டும். இஞ்சின் பட்டறைக்குப் போயிருந்த இஞ்சின் போன வாரம் திரும்பி வந்து வண்டியில் உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கே அம்மா சொல்லிவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை என்னை அந்த வளைவுக்குக் கூட்டிட்டுப் போங்க. இந்த வண்டியிலயே."

"எதுக்கும்மா?" என்று இளையவன் கேட்டான்.

அம்மா துவைத்த துணியை மடித்தபடியே, கடைக்குப் போய் வரச் சொல்வது போலச் சொன்னாள். "அவர் அங்கேயே நிக்கிறாருப்பா. யாராவது போய்க் கூப்பிட்டாத்தானே வருவாரு?"

அந்த வெள்ளிக்கிழமைதான் இன்று.

இதுவரை கூடவே வந்தவர்களுக்கு இந்த வீடு பழக்கம். இப்போதுதான் ஏறி உட்காருகிறவர்களுக்காக நாலு வரி. அப்பா முப்பத்தொரு வருடம் வாடகைக் கார் ஓட்டியவர். ஒரே கார், பெயர் மகாராணி. பழைய காலத்து உருண்டை முகம், வெள்ளி மாதிரி பம்பர், மேட்டைக் கண்டால் மட்டும் கொதிக்கிற குணம். மூத்தவள் ரேடியேட்டர் பட்டறை வைத்திருக்கிறாள். தெருவில் ரேடியேட்டர்காரி, வீட்டில் பெரியவள். இளையவன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லித் தருகிறவன். ஆறு வயதிலேயே பூனைக்குப் பாடம் நடத்தியவன் என்பதால் வீட்டிலும் அவன் வாத்தியார்தான்.

போன வருடம் பெரியவள் மகாராணியின் பழைய பித்தளை ரேடியேட்டரைக் கழற்றிவிட்டுப் புது அலுமினிய ரேடியேட்டரும் மின்சார விசிறியும் மாட்டிக் கொடுத்தாள். நாலாம் நாள் அப்பா அந்த வண்டியில் மலை ஏறினார். இருபத்தேழாவது வளைவில் இஞ்சின் இறுகி, வண்டி அப்படியே நின்றது. இறங்கி முன்பக்கம் வந்து பானெட்டில் கை வைத்தார். திறக்கக்கூட இல்லை. வளைவு திரும்பி வந்த லாரிக்கு அவர் நிற்பது தெரியவில்லை.

"ரேடியேட்டர்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்லம்மா. மூடியைத் தொடவே இல்ல, ஹோஸை உருவித் தனியா எடுத்து வெச்சோம்," என்று இஞ்சின்காரர் சொன்ன நாளிலிருந்து, அக்காவும் தம்பியும் ஒரே மேஜையில் தட்டைப் பார்த்தே சாப்பிட்டு எழுந்தார்கள்.

* * *

காலை எட்டு மணிக்கு வாத்தியார் கொட்டகைக்கு வந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான். பேனா மட்டும் பையிலேயே இருந்தது.

"லீவு போட்டுட்டியா?"

"போட்டாச்சு. ஹெட்மாஸ்டர் காரணம் கேட்டாரு. எங்கப்பாவைக் கூட்டிட்டு வரப் போறோம்னா சொல்ல முடியும்? பல்வலின்னு சொன்னேன்."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது, ஏனென்றால் அவன் சிரிக்கவில்லை.

"அக்கா, அம்மாவை இதுல உட்கார வைக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும். அன்னிக்கு நீ காத்து எடுத்தியா, எடுக்கலையா?"

பதினோரு மாதமாக அவனிடம் இருந்தது இந்த ஒரு கேள்விதான். புதுத் தண்ணீர் நிரப்பும்போது குழாய்க்குள் காற்று மாட்டிக்கொள்ளும். மேலே இருக்கிற சின்னத் திருகாணியைத் தளர்த்தி, குமிழ் நிற்கும்வரை விட்டு, பிறகு இறுக்க வேண்டும். மாட்டிக்கொண்ட காற்று தண்ணீரை ஓட விடாது, வண்டி கொதிக்கும். ஆயிரம் வண்டிக்குச் செய்த வேலை. அப்பாவின் வண்டிக்குச் செய்தாளா? செய்திருப்பாள். செய்ததாக ஒரு காட்சி மனதில் இருக்கிறது. ஆனால் அது அந்த வண்டிதானா, வேறு வண்டியா என்று கேட்டால் கை பதில் சொல்ல மாட்டேன் என்கிறது.

"பிரிச்சுப் பார்த்துச் சொல்றேன்."

"பிரிச்சாத் தெரியுமா?"

"தெரியாமயும் போகலாம்."

"பிரமாதம். என் பசங்க பரீட்சையில எழுதுற மாதிரியே ஒரு பதில்."

அவள் பெஞ்சில் புதுச் சாமான்களை வரிசையாக வைத்தாள். உயரமான ஒரு தனித் தொட்டி, அதற்குள் மிதக்கும் ஒரு கட்டை, சூடு உணரும் இரண்டு சென்சார், ஒரு சின்ன மணி.

"போன வருஷம்தானே எல்லாம் புதுசா மாட்டினே? மறுபடியும் என்ன புதுசு?"

"அப்ப இஞ்சினைக் குளிர வைக்கிறதை மட்டும்தான் யோசிச்சேன். தண்ணி போச்சுன்னா யாரு வந்து சொல்லுவான்னு யோசிக்கல."

"சூடு காட்டுற ஊசி சொல்லாதா? அதுக்குத்தானே ஊசி?"

"ஊசிக்குக் கண்ணு இல்லடா. அது தண்ணியைத் தொட்டுப் பார்த்துத்தான் சூடு சொல்லும். தண்ணியே இல்லாத இடத்துல தொடுறதுக்கு என்ன இருக்கு? வெறும் ஆவி. அப்ப இஞ்சின் வெந்துக்கிட்டே இருக்கும், ஊசி மட்டும் கீழ இறங்கிக் குளிர்ச்சின்னு காட்டும். விசிறியும் ஓடாது. அதுவும் அதே தண்ணியை நம்பித்தான் ஓடுது." தொட்டியைத் தட்டிக் காட்டினாள். "இதுல தண்ணி நாலு விரல் குறைஞ்சாப் போதும், கட்டை இறங்கி மணி அடிச்சிடும்."

வாத்தியார் தொட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நல்ல ஏற்பாடுதான்," என்றான், மனசில்லாமல். வளைந்த ஹோஸ் ஒன்று அளவு சரியாக இல்லை என்று வேறு வாங்கக் கிளம்பிப் போனான்.

சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. யாரிடமும் சொல்லாதது.

அன்று காலை பத்து இருபதுக்கு அப்பா போன் செய்தார். வண்டி ஓட்டும்போது பேசாதவர், அன்று பேசினார். குரலில் அப்படி ஒரு துள்ளல். "பெரியவளே, உன் ரேடியேட்டர் ராஜா! மலையில பதினெட்டு வளைவு ஏறிட்டேன், ஊசி மேல போகாம கீழ இறங்குதும்மா! முப்பது வருஷத்துல இப்படிப் பார்த்ததே இல்ல!"

ஒரு கையில் பற்றவைப்புத் துப்பாக்கி, எதிரே அவசரப்படுகிற வாடிக்கையாளர். "அப்படியாப்பா, சந்தோஷம்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மலை ஏறுகிற வண்டியில் ஊசி இறங்காது. கடையில் நேற்றுச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும். 'நிறுத்துங்கப்பா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பத்தொன்பதாவது வளைவிலேயே அகலமான இடத்தில் நிறுத்தியிருப்பார். இந்தப் பதினோரு மாதத்தில் அந்தத் துள்ளல் குரல் கேட்காத நாளே இல்லை. வெல்டிங் சத்தத்துக்கு நடுவில் கேட்கும். குழாயடியில் கேட்கும். ஒருநாள் அந்நியன் ஒருவன் கடைக்கு வந்து "ஊசி இறங்குதும்மா" என்று தன் வண்டியைப் பற்றிச் சொன்னபோது அவள் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டாள்.

* * *

சாக்கின் கயிற்றை அறுத்தாள்.

அலுமினியம் மங்கியிருந்தது. ஓரத்தில் ஒரு நெளிசல். மற்றபடி அவள் மாட்டியபோது இருந்த மாதிரியே. துணியால் தூசியைத் துடைத்துக்கொண்டே வந்தவளின் கை மூடிக்கு வந்ததும் நின்றது.

அவளுடைய பழக்கம் ஒன்று உண்டு. வேலை முடிந்ததும் மூடியை முழுக்க அழுத்தி, இரண்டாவது பூட்டு விழும்வரை திருப்பி, மூடியின் மேலிருந்து கழுத்துவரை வெள்ளைப் பெயிண்டால் ஒரே கோடாக இழுத்துவிடுவாள். காற்றெடுத்து, சரிபார்த்து, எல்லாம் முடிந்தால்தான் அந்தக் கோடு. கோடு இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

கோடு இருந்தது.

அப்படியென்றால் காற்றெடுத்திருக்கிறாள். நெஞ்சுக்குள் பதினோரு மாதமாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று ஒரு திருகு தளர்ந்தது.

பிறகுதான் பார்த்தாள். கோடு நேராக இல்லை. கழுத்தில் இருந்த பாதி ஓரிடத்திலும், மூடியில் இருந்த பாதி கால்வட்டம் தள்ளியும் நின்றன. அவளுக்குப் பிறகு யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்து, திரும்ப மூடும்போது முதல் பூட்டோடு விட்டிருக்கிறார்கள்.

"ஸ்ஸ்ஸ்..."

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். சத்தம் காரிலிருந்து வந்தது. இஞ்சினில் தண்ணீர் இல்லை, ரேடியேட்டர் பெஞ்சில் கிடக்கிறது, பேட்டரிகூட இன்னும் மாட்டவில்லை. ஆனாலும் ஆவி கசிகிற அந்த மெல்லிய சத்தம், யாரோ பல்லிடுக்கில் மூச்சு விடுகிற மாதிரி, எண்ணிப் பத்து வரை கேட்டு நின்றது.

கடிகாரத்தில் பத்து இருபது.

"கேட்டுச்சா?" என்றாள் அம்மா.

எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. தினமும் போல முன் இருக்கையில், அப்பாவுக்குப் பக்கத்து இடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தாள். மடியில் கை.

"தகரம் காயுதும்மா. வெயில் ஏறினா அப்படித்தான் சத்தம் வரும்."

"தகரம் மணி பார்த்தா காயும்?"

பெரியவள் துணியைப் பெஞ்சில் வைத்தாள். அருகே போனாள். ஓட்டுநர் இருக்கையில் அப்பா உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம் அப்படியே இருந்தது. அதில் கை வைக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

"தண்ணி கேட்குறாரு," என்றாள் அம்மா. "தாகம். அவருக்கில்ல, வண்டிக்கு. அவரு கிளம்பும்போது நான் ஊத்தாம விட்டிருக்கேனா சொல்லு? காய்ச்சல்ல கிடந்தப்பகூட எழுந்து வந்து ரெண்டு ஜக் ஊத்திட்டுத்தான் படுத்தேன்."

"தெரியும்மா."

"அன்னிக்கும் ஊத்தினேன்."

பெரியவளின் கண் பெஞ்சில் இருந்த மூடிக்குப் போனது.

"புதுசுக்கு வேண்டாம், பெரியவ தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கான்னு அவரு சொன்னாரு. அவருக்கு என்ன தெரியும்? தலை சீவ உள்ள போனாரா, அந்த நேரத்துல சத்தமில்லாம திறந்து ஒரு ஜக் ஊத்திட்டு மூடிட்டேன். அதுக்கு மேல பிடிக்கல." அம்மாவின் முகத்தில் ஒரு வெட்கம், புதுப்பெண்ணுடையது போல. "கடைசியா அவருக்கு நான் செஞ்சது அதுதான்டி. கடைசி நாள்ல வெறும் வயித்தோட அனுப்பலங்கற ஒரு நிம்மதிதான் என்னை இன்னும் நடமாட வைக்குது."

பெரியவள் திரும்பி வந்து பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பழைய மூடிக்கு ஒரே பூட்டு. முப்பத்தொரு வருடம் அம்மாவின் கை ஒரு திருப்புத்தான் திருப்பியது. புது மூடிக்கு இரண்டு. முதல் பூட்டோடு நின்றால் அழுத்தம் நிற்காது. மேடு ஏற ஏறத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளப்பட்டுக்கொண்டே இருக்கும். அவள் நெஞ்சில் தளர்ந்த திருகு மறுபடி இறுகியது, இன்னொரு பக்கமாக.

பெயிண்ட் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியை எடுத்தாள். தன் பக்கம் சாட்சி சொல்ல இந்த உலகத்தில் இருந்த ஒரே பொருள் அந்த வெள்ளைக் கோடுதான். இரண்டு இழுப்பில் போய்விட்டது.

* * *

வாத்தியார் ஹோஸோடு வந்தபோது ரேடியேட்டர் வண்டியில் ஏறியிருந்தது.

"பிரிச்சியா? என்ன தெரிஞ்சுது?"

"காத்து எடுத்திருக்கேன்."

"எப்படிச் சொல்றே?"

"எடுத்திருக்கேன்டா. ஆனா நீ என்னைத் திட்டுறதை நிறுத்த வேண்டாம்." கையைத் துடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், அந்தப் போனைப் பற்றிச் சொன்னாள். அப்பா சொன்ன வார்த்தை ஒன்றுவிடாமல் சொன்னாள். தான் சொன்ன இரண்டு வார்த்தையையும் சொன்னாள்.

காலையில் அவள் ஊசியைப் பற்றிச் சொன்னது அவனுக்குள் ஒவ்வொரு வரியாக ஓடுவது முகத்தில் தெரிந்தது.

"நான் 'சந்தோஷம்'னு சொல்லியிருந்தா அது தெரியாத்தனம்," என்றான் கடைசியில். "நீ சொன்னா?"

"அதான்."

"ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"நீ காத்தைக் கேட்டே. போனைக் கேட்கல."

அவன் ஹோஸை அவள் கையில் கொடுத்தான். கொடுத்துவிட்டு விடாமல் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே நின்றான். "சரி, தண்ணி எப்படிப் போச்சு?"

"தெரியல."

இவ்வளவு பெரிய பொய் சொல்லும்போது குரல் நடுங்கும் என்று நினைத்திருந்தாள். நடுங்கவில்லை.

பகல் முழுக்க இரண்டு பேரும் வேலை செய்தார்கள். இறுக்கு, தளர்த்து, பிடி, விடு என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. சென்சாரைத் தாழ்வான இடத்துக்கு மாற்றினாள். தொட்டியை இஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகரத் தடுப்பில் உயர வைத்துக் கட்டினாள். இஞ்சினைக் குளிர்விக்கும் பச்சைக் கூலண்ட் ஊற்றி, காற்றெடுக்கும் திருகாணியைத் தளர்த்தி, "நீயே பார்," என்று அவனைக் கூப்பிட்டுக் குமிழ் நிற்கும்வரை நிற்க வைத்தாள்.

மகாராணி முதல் திருப்பிலேயே உயிர் பெற்றது. ஊசி மெல்ல ஏறி நடுவில் நின்றது. விசிறி தானாக ஓடி, தானாக நின்றது. வாத்தியாரே அசந்துபோய், உள்ளே எப்படிச் சுற்றுகிறது என்று பார்க்க மூடியில் கை வைத்தான்.

"தொடாதே!"

அவன் கையை உதறினான். "ஏன், சுடுமா?"

"சுடும்கிறது ஒரு பக்கம். இதைத் திறக்கிற வேலையே வெச்சுக்கக்கூடாது. திரும்ப மூடும்போது ரெண்டாவது பூட்டு விழலைன்னா அழுத்தம் நிக்காது. மேடு ஏறி முடிக்கிறதுக்குள்ள தண்ணி பூராவும்..."

வாயை மூடிக்கொண்டாள். பட்டறையில் தினம் பத்துப் பேருக்குச் சொல்கிற பேச்சு, அதுபாட்டுக்கு வந்துவிட்டது.

"பூராவும் வெளிய போயிடும்," என்று அவன் முடித்தான், பாடம் புரிந்த மாணவன் போல. நல்லவேளை, அதற்கு மேல் எதையும் அவன் கோத்துப் பார்க்கவில்லை.

* * *

மூன்று மணிக்குக் கிளம்பினார்கள். வாத்தியார் ஓட்ட, அம்மா முன்னால், பெரியவள் பின்னால்.

அவன் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பப் போனான். "அதைத் தொடாதேப்பா, அவருக்குச் சரியா இருக்கு," என்றாள் அம்மா. வாத்தியாருக்குப் பின்னால் வருகிற வண்டி எதுவும் தெரியவில்லை. கூரைத் துணி மட்டும் தெரிந்தது. அப்படியே ஓட்டினான்.

மலை தொடங்கியது. வளைவுக்கு வளைவு எண் எழுதிய கல். ஐந்து. ஒன்பது. பதினாலு. ஊசி நடுவில் ஆணி அடித்த மாதிரி நின்றது. மகாராணி இவ்வளவு சுகமாக மேடு ஏறி யாரும் பார்த்ததில்லை.

பத்தொன்பதாவது கல்லில் ஓர் அகலமான இடம் வந்தது. பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது தாண்டியிருந்தார்கள்.

"கொதிக்கவே இல்லையேடா," என்றாள் அம்மா. குரலில் மகிழ்ச்சி இருந்தது. "அவரு பார்த்தா நம்ப மாட்டாரு."

அம்மா பேசியதே வாத்தியாருக்குப் பெரிய விஷயம். இந்த ஒரு வருடத்தில் அவள் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. உற்சாகம் வந்துவிட்டது. வகுப்புக் குரலும் வந்துவிட்டது.

"இது பழைய மாதிரி இல்லம்மா. தண்ணி அழுத்தத்துல நிக்குது. அழுத்தம் இருந்தா சீக்கிரம் கொதிக்காது. குக்கர் மாதிரின்னு வெச்சுக்கோயேன்."

"டேய், ரோட்டைப் பாருடா," என்றாள் பெரியவள்.

"பார்த்துட்டுத்தான் இருக்கேன். அதனால இனிமே தண்ணி ஊத்துற வேலையே கிடையாதும்மா. மூடியைத் திறக்கவே கூடாது. திறந்து, மூடும்போது ரெண்டாவது பூட்டு விழாம விட்டோம்னு வை, மலை ஏறுறதுக்குள்ள..."

"போதும், நிறுத்து."

"ஏன்க்கா, நீ சொன்னதுதானே?... ஏறுறதுக்குள்ள பூராத் தண்ணியும் வெளிய போயிடும். இஞ்சின் இறுகிடும்."

அம்மா "ஓகோ" என்றாள்.

இருபத்திரண்டாவது கல் போயிற்று.

"இது எப்பலேர்ந்துப்பா? இன்னிக்கு மாட்டினதுலேர்ந்தா?"

"இல்லம்மா, போன வருஷம் அக்கா புது ரேடியேட்டர் மாட்டின நாள்லேர்ந்தே அப்படித்தான்."

இருபத்து மூன்று. இருபத்து நான்கு. அம்மா தன் வலது கையை மடியிலிருந்து எடுத்து, யாருடைய கையோ என்பது போல விரித்துப் பார்த்தாள். மணிக்கட்டை மெல்ல ஒரு திருப்புத் திருப்பினாள். ஒரே திருப்பு. நிறுத்தினாள்.

பிறகு இருக்கையில் முழுதாகத் திரும்பிப் பின்னால் பார்த்தாள். கண்ணில் நீர் இல்லை. அதுதான் பெரியவளைப் பயமுறுத்தியது.

"காலையில நான் சொன்னப்பவே உனக்குத் தெரிஞ்சுபோச்சா?"

பெரியவள் கண்ணைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என்ன தெரிஞ்சுது? யாருக்கு?" வாத்தியார் ஒருவர் முகத்தையும் பார்க்க முடியாமல் தவித்தான். கண்ணாடியில் கூரைதான் தெரிந்தது. "யாராவது என்கிட்ட சொல்லுங்களேன்! நான் வண்டியை நிறுத்தட்டுமா?"

"நிறுத்தாதே," என்றாள் அம்மா. முன்பக்கம் திரும்பி, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, நேராக உட்கார்ந்தாள். "இன்னும் மூணு வளைவுதானே இருக்கு? அவர்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

அவன் கால் பிரேக்கின் மேல் போனது. பெரியவள் பின்னாலிருந்து கை நீட்டி அவன் தோளைப் பிடித்தாள்.

"ஓட்டுடா," என்றாள்.